ஏற்காட்டுக் கம்பும் சேலத்து போர் தண்ணியும்

ஆடியில் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய செம்பருத்திக் கம்புகள் துளிர்த்துவிட்டன. ஒற்றைச் சிவப்பு, அடுக்கு ஆரஞ்சு, இதழ் கிழிந்து ஜிமிக்கி மாதிரி தொங்குமே அந்த ரகம், கூடவே காலையில் வெள்ளையாக விரிந்து சாயங்காலம் சிவக்கிற ஒன்று. பென்சில் கனம், ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டு, பாதி நார்க்கழிவு, பாதி மணல். வேர் பிடிப்பதில் சிரமமே இல்லை. தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் ஆட்டம் ஆரம்பம்.

நுனி இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. "என்னம்மா, செடிக்கு சோகை புடிச்சிருக்கா?" என்றார் அத்தை. சரியாகத்தான் சொன்னார். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்தையோ மக்னீசியத்தையோ சந்தேகப்படலாம். மக்னீசியத்துக்கு எங்கள் பக்கம் என்ன பஞ்சம்? சேலத்துச் சுண்ணாம்புக் கரடு முழுக்க மேக்னசைட் என்கிற மக்னீசியத் தாதுதான். இளந்துளிர் இப்படி வெளுத்தால் அது இரும்புக் குறை. கஞ்சமலை நிறைய இரும்புத்தாது வைத்திருக்கிற ஊரில்!

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்குக் கிடைப்பதில்லை. காரணம் போர் தண்ணி. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ஊற்ற ஊற்றத் தொட்டி மண்ணையும் காரமாக்குகிறது; கார மண்ணில் இரும்பு கரையாது. மீன்தொட்டிக்காக விற்கிற, புளிப்பா காரமா என்று காட்டும் பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தேன், 8-ஐத் தாண்டியது. செம்பருத்திக்கு 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் சுகம். காப்பி விளைகிற ஏற்காட்டு மண் புளிப்பு மண், அங்கே இந்தத் தொல்லை வராது. எரிச்சல் என்னவென்றால், இதே குடும்பத்துத் துத்தி எங்கள் காம்பவுண்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் காட்டாமலே பச்சைப்பசேலென்று நிற்கிறது.

உரக்கடையில் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் வாங்கினேன். சோகைக்குச் சித்த வைத்தியர்கள் தரும் செந்தூரமும் இதிலிருந்து செய்வதுதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். கரைக்க மழைநீர் வேண்டும். போர் தண்ணியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் துருநிறமாகி அடியில் தங்கிவிடும், தெளித்துப் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் படும்படி தெளித்தேன். வாரம் ஒருமுறை தெளிக்க, புதுத் துளிர் பச்சையாக வந்தது. பழைய இலை தேறாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தரையில் சிந்தினால் கறை போகாது, மாடித் தளத்தில் இன்னும் இருக்கிறது.

இது தற்காலிகம்தான். மண்ணில் இட வேண்டுமென்றால் கீலேட் இரும்பு உண்டு; கரையாமல் போய்விடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு அது. ஆனால் ஈடிடிஏ வகை கார மண்ணில் நிலைக்காது, ஈடிடிஹெச்ஏ வகைதான் தாங்கும்; விலையும் அதற்கேற்ப. நான் மாடி மழைநீரை டிரம்மில் பிடித்து, அது இருக்கும்வரை அதையே ஊற்றுகிறேன்.

மாவுப்பூச்சி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எறும்பு ஏறும் வழியை அடைத்து, வேப்ப எண்ணெய் தெளித்ததில் அடங்கிவிட்டது. 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளிக் காடுகளை அழித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பஞ்சைக் கண்டாலே பதறும்.

நிறம் மாறும் ரகம் இப்போது மொட்டு கட்டியிருக்கிறது. ஏற்காட்டுக் குளிரில் மதியம் தாண்டியும் அது வெள்ளையாகவே இருந்தது. இங்கே சூட்டுக்கு எத்தனை மணிக்குச் சிவக்கிறது என்று பார்க்க வேண்டும்.