டோக்கியோ – லாஸ் ஏஞ்சல்ஸ்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

ஹனேடா விமான நிலையம் 35.55 வடக்கு, 139.78 கிழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் 33.94 வடக்கு, 118.41 மேற்கு. ஏறக்குறைய ஒரே அட்சரேகை. தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழக்கே கோடு போட்டால் அந்த வழி சுமார் 9,300 கி.மீ. வரும். விமானத்தின் வழி அதுவல்ல. பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாக வடக்கே ஏறி இறங்கும். அதுதான் பெருவட்டப் பாதை, மிகக் குறுகிய வழி.

கணக்கு எளிதுதான். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.3246. கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 101.81 பாகையின் (139.78 + 118.41 = 258.19; அதை 360இலிருந்து கழித்தால் 101.81) கோசைனாலும் பெருக்கினால் −0.1381. கூட்டுத்தொகை 0.1865. அதன் ஆர்க் கோசைன், அதாவது அந்தக் கோசைன் மதிப்புக்கு உரிய கோணம், 79.25 பாகை. பாகைக்கு 111.19 கி.மீ. வீதம் சுமார் 8,810 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை என்பதால் இந்த முறையில் அரை சதவீதம் வரை பிழை வரலாம்.

பலர் சறுக்குவது குறியில். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போடாவிட்டால் விடை 2,000 கி.மீ.க்கும் கீழே வந்து நிற்கும். பசிபிக் பெருங்கடலே காணாமல் போய்விடும். எக்செலில் போடுகிறவர்கள் பாகையை முதலில் ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்ற வேண்டும்.

இனி நேரம். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும். 8,810ஐ 900ஆல் வகுத்தால் 9.8 மணி நேரம். ஆனால் காற்றைச் சேர்க்காத கணக்கு எதற்கும் உதவாது! ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். வழி நெடுகச் சராசரியாக 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், போகும்போது தரைவேகம் 1,000, திரும்பும்போது 800. 8.8 மணி நேரம் ஒரு பக்கம், 11 மணி நேரம் மறுபக்கம். ஏறி இறங்குவதற்கும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் 40 நிமிடமாவது சேருங்கள். டிக்கெட்டில் இருப்பது வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம். இந்தக் காற்றுக்காகவே விமானங்கள் பெருவட்டத்தை விட்டு விலகிப் பறப்பதும் வழக்கம்.

வான்வெளி மூடினால் கணக்கு அடியோடு மாறும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், 9 மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடித்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது.

வந்துசேரும் நேரத்துக்கு இரண்டு ஊர் நேரத்தையும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிடுங்கள். டோக்கியோவில் மாலை 5 மணி என்றால் யூடிசி காலை 8. பத்து மணி நேரப் பயணம், யூடிசி மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் எட்டு மணி பின்னால். அங்கே அதே நாள் காலை 10. கோடை நேரம் நடப்பில் இருந்தால் 11.