மகளின் மூன்று பாடங்கள்

இங்கிலாந்தில் 16 வயதில் ஜி.சி.எஸ்.இ. என்னும் பள்ளிப் பொதுத்தேர்வுகள் முடிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பான ஏ லெவலில் சேர்பவர்களில் பெரும்பாலோர் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொருளியலில் பட்டம் பெற விரும்பும் என் மகள், படிவத்தில் பொருளியல், வரலாறு, ஆங்கில இலக்கியம் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.இ. (லண்டன் பொருளியல் பள்ளி) ஆகிய பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விதிகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தபோதுதான், பொருளியல் பட்டப்படிப்புக்கு அவை கட்டாயமாகக் கேட்பது ஏ லெவல் கணிதத்தையே, பொருளியலை அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் வேதியியல், பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் என்பதை எங்களைப் போன்ற பெற்றோர் நன்கு அறிவோம். ஆனால் பொருளியலுக்குக் கணிதம் வேண்டும் என்பதை யாரும் சொல்லக் கேட்டதில்லை. அவள் இலக்கியத்தை அழித்துவிட்டுக் கணிதம் என்று எழுதினாள். வரலாற்றை மட்டும் விடமாட்டேன் என்றாள். சான்றுகளை எடைபோட்டு நீண்ட கட்டுரை எழுதப் பழக்கும் பாடம் என்பதால், நானும் அதையே விரும்பினேன்.