கடிக்கும் ஃபெரெட் குட்டிகளும் நம் கைகளும்

சிறு விலங்குகளுக்கான காப்பகத்தில் பணியாற்றும் என்னிடம், ஃபெரெட் (கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட, இறைச்சி உண்ணும் சிறு வளர்ப்பு விலங்கு) குட்டிகளை ஒப்படைக்க வருபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் "கடிக்கிறது" என்பதாகவே இருக்கும். எப்போது கடிக்கிறது, கடித்தவுடன் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். முதல் கேள்விக்குத் தயங்குபவர்களும் இரண்டாவதற்கு உடனே பதில் சொல்வார்கள்: "வலி தாங்காமல் கீழே விட்டுவிட்டேன்." சிக்கலின் பெரும்பகுதி இந்தப் பதிலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இறங்கி ஓட விரும்பும் குட்டிக்கு, கடித்தால் விடுதலை கிடைக்கும் என்பதை நாமே கற்பித்துவிடுகிறோம்.

ஃபெரெட் குட்டிகள் ஒன்றன் பிடரியை ஒன்று கவ்வி இழுத்து விளையாடியே வளர்கின்றன. அவற்றின் கழுத்துத் தோல் தடித்தது. நம் விரல்களில் இரத்தம் வரவழைக்கும் அதே அழுத்தம் அவற்றுக்கு விளையாட்டுதான். அளவு மீறிக் கடிபட்ட குட்டி கீச்சிடும்போது, கடித்த குட்டி பிடியைத் தளர்த்தக் கற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் நிரந்தரக் கோரைப்பற்கள் முளைக்கத் தொடங்குவதால், எட்டு வார அளவில் புதிய வீட்டுக்குப் போகும் குட்டி, ஈறு உறுத்தும் பருவத்தில், கீச்சிட்டு எச்சரிக்கும் உடன்பிறப்புகள் இல்லாமல், மனிதக் கைகளுடன் மட்டும் விளையாட வேண்டியிருக்கிறது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது, தலை வெளுத்த குட்டி ஒன்று. அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையைப் பிடித்தால் எளிதில் விடாது. அதன் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தேன், காதுகூட அசையவில்லை. முகத்திலும் தலையிலும் வெண்மை மிகுந்த ஃபெரெட்டுகளில் பிறவிச் செவிடு அதிகம். கீச்சொலியைக் கேட்டறியாத குட்டி கடியின் அளவை எப்படிக் கற்றிருக்க முடியும்? அதைத் தூக்குவதற்கு முன் தரையை மெல்லத் தட்டி அதிர்வால் என் வருகையை உணர்த்தவும், கையை முகரக் கொடுத்த பிறகே தொடவும் தொடங்கினேன். திடுக்கிட்டுக் கடிப்பது முதலில் குறைந்தது; விளையாட்டுக் கடி குறைவதற்கு இன்னும் நெடுநாள் பொறுக்க வேண்டியிருந்தது.

விளையாட்டுக் கடியையும் அச்சக் கடியையும் பிரித்தறிவதே இப்பணியில் கடினமானது. முதுகை வளைத்து, பக்கவாட்டில் துள்ளி, தொண்டைக்குள் கொக்கரிப்பதுபோல் ஒலி எழுப்பும் குட்டி விளையாட அழைக்கிறது. வால் மயிர் சிலிர்த்து, சீறியபடி பின்வாங்கும் குட்டி அஞ்சுகிறது. முன்னதற்குக் கை விளையாட்டுப் பொருளன்று என்று கற்பிக்க வேண்டும்: கடித்தால் கையைப் பறிக்காமல், உடனே இறக்கியும் விடாமல், பிடி தளர்ந்த பின் துணிப் பொம்மையைக் கவ்வக் கொடுப்பேன். அப்போதும் தொடர்ந்தால், அதன் படுக்கை இல்லாத வேறொரு கூண்டில் மூன்று நான்கு நிமிடம் தனியே விடுவேன். அஞ்சும் குட்டிக்கு இந்தத் தனிமை எதையும் கற்பிக்காது; மடியில் துண்டு விரித்து, கரண்டியில் சிறிது சால்மன் எண்ணெயை நக்கக் கொடுத்தபடி தொட்டுப் பழக்குவதே பலன் தரும். மூக்கில் சுண்டுவதைச் சிலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். முகத்தை நோக்கி வரும் கை வலி தரும் என்பதைத் தவிர அதிலிருந்து குட்டி எதைக் கற்கும் என்று எனக்குத் தெரியவில்லை; என் பொறுப்பிலுள்ள விலங்கிடம் அதைச் செய்ய நான் யாரையும் அனுமதிப்பதில்லை.

பசியையும் மறக்கக் கூடாது. உண்ட இறைச்சி மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும் உடல்வாகு இவற்றுக்கு. ஆகவே, தூங்கி விழித்த குட்டியைக் கையில் எடுக்குமுன் உண்ண விடுகிறேன். ஆனால், சாதுவாக இருந்த வளர்ந்த ஃபெரெட் திடீரெனக் கடிக்கத் தொடங்கினால் பயிற்சியைத் தொடராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். அட்ரினல் சுரப்பி நோய் கண்ட ஃபெரெட்டுகள் மூர்க்கமாக மாறுவதுண்டு. உடலில் எங்கோ உள்ள வலியும் அப்படிக் கடிக்க வைக்கும்.