முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்

ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சரி பண்ண முடியுமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உள்ளே இருப்பது வேறெங்காவது இருக்கிறதா?" இருக்கிறது என்றால் வேலை சுலபம். இல்லை என்றால், டிஸ்க்கைச் சரிசெய்வதும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள் என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரையே எடுப்பேன்.

ஏன் எதிர்? டிஸ்க்கில் தகவல் செக்டர் எனும் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. பழையவற்றில் ஒரு செக்டர் 512 பைட்; இப்போது பெரும்பாலும் 4096. ஒவ்வொன்றோடும் பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்தே எழுதப்படுகிறது. படிக்கும்போது சில பிட்கள் பிசகினால் அதை வைத்து டிஸ்க்கே திருத்திக்கொள்ளும், நமக்குத் தெரியவே வராது. பிசகு அளவு மீறினால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஃபோல்டரைத் திறந்தால் கணினி அப்படியே நின்றுவிடுவது அந்த நேரத்தில்தான். கடைசியில் கைவிட்டு, அந்தச் செக்டரை 'பென்டிங்' கணக்கில் சேர்த்துவிடும். மாற்றுவதற்கு உபரி செக்டர்கள் இருக்கின்றன. ஆனால் படிக்கவே முடியாததை எதைக் கொண்டு மாற்றுவது? யாராவது அந்த இடத்தில் புதிதாக எழுதும்வரை அது காத்திருக்கும். எழுதியதும், அந்த இடம் தாங்கினால் பென்டிங் நீங்கும். தாங்காவிட்டால் உபரி செக்டர் வந்து உட்காரும். எப்படியானாலும் டிஸ்க் குணமானதுபோலத் தோன்றும். முன்பு அங்கே இருந்தது மட்டும் போயிருக்கும்.

ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரருடைய டிஸ்க் வந்தபோது இதை அவருக்கும் சொன்னேன். ஆல்பத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாணம் முழுக்க அதில்தான். "தம்பி, டிஸ்க் எக்கேடு கெட்டாலும் கெடட்டும். அந்தக் கல்யாணம் எனக்கு வேணும்" என்றார். எனக்குத் தேவையான தெளிவு அதுதான்.

முதலில் சத்தத்தைக் கேட்டேன். டக், டக் என்று சீராக அடித்தால், தகவலைப் படிக்கும் ஹெட் போயிருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இதில் அந்தச் சத்தம் இல்லை. அடுத்து ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு. நீளமான பட்டியல் அது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு, எதிரே அதன் கணக்கு. நான் முதலில் பார்ப்பது நான்கு வரிகளை. 5 என்பது ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள். 197 பென்டிங். 198 டிஸ்க் தானாகச் சோதித்தபோது படிக்க முடியாதவை. 199 கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள். 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். ஏறிய எண் குறையாது, மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். நல்ல டிஸ்க்குகளை இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் குப்பையில் போடுகிறார்கள், மனசு பொறுக்காது. ஸ்டுடியோக்காரருடையதில் 199 பூஜ்யம், 197 நூற்றுக்கணக்கில்.

விண்டோஸில் வரும் செக்டிஸ்க்கை நான் தொடவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட்டி, ஃபைல் அமைப்பிலும் கை வைக்கும் கருவி அது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டினேன். அது கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப்போய், சுலபமாகப் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் இன்னொரு டிஸ்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விட்ட இடங்களை ஒரு கோப்பில் குறித்துவைத்து, பிறகு ஓரங்களிலிருந்து சுரண்டும். நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொன்னபோது இன்னும் கொஞ்சம் வந்தது.

பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் எது வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பது அரைகுறை வேலை என்பது என் எண்ணம். நகலில் காலியாக நின்ற இடங்களிலெல்லாம் டிடிரெஸ்க்யூவைக் கொண்டே ஒரு அடையாளச் சொல்லை நிரப்பினேன். பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால், அடிபட்ட படங்களின் பட்டியல் கிடைத்துவிடுகிறது. ஜேபெக் படங்கள் சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்புகளில் நல்ல செய்தி இருந்தது: உள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் பதிந்திருக்கும், சிலவற்றில் அது சேதமில்லாமல் வந்தது. பட்டியலைப் பார்த்த ஸ்டுடியோக்காரர், "தாலி கட்டுறது இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இருந்தது. போனவற்றில் பல, பந்தியில் எடுத்தவை.

நகலைச் சரிபார்த்த பிறகுதான் பழைய டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதினேன். 197 பூஜ்யமானது, 5 ஏறியது. "சரியாயிடுச்சே தம்பி, பாட்டு, படமாவது போட்டு வச்சுக்கிறேன்" என்றார். கூகிள் 2007இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். பின்னணிச் சோதனையில் முதல் பிழை தெரிந்தபின் 60 நாளுக்குள் ஒரு டிஸ்க் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு. இறந்தவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே இறந்தன என்றும் அதில் இருக்கிறது. அவருக்கு அரைமனசுதான்.

"விடுங்கண்ணே, ராத்திரி முழுக்கச் சோதிச்சுப் பார்த்துடுவோம்" என்று நீண்ட சோதனையைப் போட்டுவிட்டுப் போனேன். காலையில் அது பாதியிலேயே பிழையில் நின்றிருந்தது, பென்டிங் திரும்ப வந்திருந்தது. திரையைப் பார்த்தவர் புது டிஸ்க் இரண்டு எடுத்துத் தரச் சொன்னார்: ஒன்று ஸ்டுடியோவுக்கு, ஒன்று வீட்டு பீரோவுக்கு.