முதல் மங்காவாக எதைக் கொடுப்பது?

"மாமா, மங்கா படிக்கணும். எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று அக்கா மகள் கேட்டாள். மங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ்.

பலரும் ஒன் பீஸ் என்பார்கள். அருமையான கதைதான். ஆனால் 1997-ல் தொடங்கி, நூறு தொகுதிகளைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளையை எடுத்த எடுப்பில் அந்தக் கடலில் இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

யோஷிடோகி ஓய்மாவின் 'எ சைலண்ட் வாய்ஸ்' கொடுத்தேன். மொத்தமே 7 தொகுதிகள். சிறுவயதில், காது கேளாத வகுப்புத் தோழியைப் பாடாய்ப் படுத்திய ஒருவன், வளர்ந்தபின் அவளைத் தேடிப் போகிறான். குற்ற உணர்ச்சியில் அவனால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாது. அதனால் சுற்றியிருப்பவர்களின் முகங்களில் பெரிய பெருக்கல் குறி வரைந்திருக்கும். ஒருவன் நண்பனானதும் அந்தக் குறி முகத்திலிருந்து உரிந்து விழும். அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்தில் பத்து வரி எழுதினாலும் அது வராது.

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், சில பக்கங்களில் கண் பழகிவிடும். அப்புறம் விறுவிறுப்பு கேட்டால் நவோகி உராசாவாவின் 'மான்ஸ்டர்' இருக்கிறது, 18 தொகுதிகள்.

நேற்று இரவு பதினொரு மணிக்கு அவளிடமிருந்து செய்தி: "மாமா, நாலாவது புத்தகம் எப்ப தருவீங்க?"