‘போதும்’ என்று ஓர் அட்டை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை, “என்னைப் பார்.” பார்த்தால் பிடித்த பொம்மை கிடைக்கும். பார்க்காவிட்டால் மறுபடியும் “என்னைப் பார்.” கையை உதறினால், “கையைக் கீழே வை.” எத்தனை முறை சொன்னதைக் கேட்டது என்று தாளில் குறித்துக்கொள்வேன்.

குழந்தையை மேசைக்கு எதிரே உட்காரவைத்துத் தரும் இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியது 1987இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் அளவுக்கு முன்னேறினார்கள் என்றது அது. அந்தப் பயிற்சியில் அதட்டலும், சில சமயம் தொடையில் ஓர் அடியும் இருந்தன என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

என் பழக்கத்தை மாற்றியவன் ஏழு வயதுப் பையன் ஒருவன். பேச்சு வராது. பயிற்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படங்களையெல்லாம் தள்ளிவிட்டுத் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். கோப்பில் ‘அடம்’ என்று எழுதியிருந்தது. ஒரு வாரம், கடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் குறித்தேன். ஒவ்வொரு முறையும் கேள்விகள் இடைவெளியில்லாமல் வந்திருந்தன. நிறுத்தச் சொல்ல அவனுக்கு வேறு வழியே இல்லை.

‘போதும்’ என்று ஓர் அட்டை செய்து அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். கார், டூராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1985இலேயே காட்டிய வழிதான்: அந்த நடத்தை எதைக் கேட்கிறதோ, அதையே கேட்க வேறொரு வழியைக் கற்றுக்கொடுப்பது. முதல் நாள் அரை மணி நேரத்தில் பதினான்கு முறை நீட்டினான். பதினான்கு முறையும் நிறுத்தினேன். “இப்படியே போனால் எதுவும் கற்கமாட்டான்” என்றார் மூத்தவர் ஒருவர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நான்காவது வாரத்தில் இரண்டு மூன்று முறைதான் கொடுத்தான். ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்து உட்கார்ந்தான். கடிப்பது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

இப்போது பெரும்பாலும் தரையில்தான் உட்காருகிறோம். குழந்தை எடுக்கும் பொம்மையிலிருந்தே பாடம் தொடங்கும். காரைக் கேட்டால் கார்தான் பரிசு. கண்ணைப் பார்க்க வைப்பதை இலக்காக எழுதுவதில்லை. கை உதறுவதையும் தடுப்பதில்லை. அது தங்களை அமைதிப்படுத்துகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைவிட எந்தப் பாடநூலும் எனக்குப் பெரிதல்ல. பேசாத குழந்தை முகத்தைத் திருப்பினால், காதைப் பொத்தினால், அதுவும் ‘வேண்டாம்’தான்.

போன மாதம் அந்தப் பையனின் அம்மா ஒரு விஷயம் சொன்னார். முடிவெட்டும் கடையில் பாதியில் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறான். முடிவெட்டுபவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கத்தரியைக் கீழே வைத்துக் காத்திருந்தாராம்.