சாக்குக்குள் இருந்த மூன்று வாள்கள்

போன கிழமை திருகோணமலை உப்புவெளி வீட்டுக் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது சாக்கில் சுற்றிய, மரம் அரியும் மூன்று கைவாள்கள் கிடைத்தன. இரண்டு அப்பப்பாவுடையவை. அவர் டொக்யாட்டில் தச்சு வேலை செய்தவர், 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபிறகு ஊருக்குள் கதவு, யன்னல் செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார். மூன்றாவது பெரியப்பா பிற்காலத்தில் வாங்கியது. மூன்றிலும் செங்கறள். கடற்கரைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? பழைய இரும்புக்காரர் வந்தால் கொடுத்துவிடு என்றார் அம்மா.

கறளை மட்டும் பார்த்து வாளை எறியாதீர்கள். முதலில் தகட்டைப் பாருங்கள். பிடியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பல்வரிசை வழியே நுனிவரை ஒற்றைக்கண்ணால் நோக்கினால் கோணல் தெரிந்துவிடும். நீளமான இலேசான வளைவு என்றால் பயமில்லை, எதிர்ப்பக்கம் கையால் வளைத்தே எடுக்கலாம். ஓரிடத்தில் மடிந்திருந்தால் அதைத் தட்டி நிமிர்த்தத் தேர்ந்த கை வேண்டும். அப்புறம் வில்லுப்போல வளைத்து விட்டுப்பாருங்கள், நல்ல உருக்கு தானாகவே நேராகும்.

எனக்கு முடிவைச் சொன்னது பல்வரிசைதான். மண்ணெண்ணெய் ஊற்றி, சாண்ட் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் தகட்டில் பொறித்திருக்கும் கம்பனி முத்திரையும் சேர்ந்து போய்விடும். முதல் வாளில் கறள் மேலோடு நின்றிருந்தது, உருக்குக்குப் பேர்போன இங்கிலாந்து நகரான ஷெஃபீல்டின் பெயர் மங்கலாக எழும்பி வந்தபோது உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. இரண்டாவதில் கறளுக்குக் கீழே குழிகள், அதுவும் பல்லடியில். நடுத்தகட்டில் குழி இருந்தால் பரவாயில்லை, வாள் அரியும். பல்லில் இருந்தால் எவ்வளவு அராவினாலும் கூர் முழுசாக வராது, வாள் மரத்தில் இறுகாமலிருக்கப் பல்லை இருபுறமும் வளைக்கும்போது முறிந்தும் போகலாம். பெரியப்பாவின் வாளில் பல்நுனிகள் நீலக் கறுப்பாக இருந்தன, சூடேற்றிக் கடினப்படுத்திய பல். அதில் அரம் வழுக்கும். மழுங்கினால் மழுங்கினதுதான், அதைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வாளைக் கொடுக்க மனம் வரவில்லை. அதன் பிடியில் அப்பப்பா தன் பெயரின் முதலெழுத்தைக் குடைந்திருக்கிறார், பித்தளை ஆணிகளும் நல்லாயிருக்கின்றன. பிடியைக் கழற்றி எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். தகட்டின் நல்ல பகுதியைச் சிறு துண்டுகளாக வெட்டினால் பலகை சுரண்ட உதவும், தச்சர்கள் பழைய வாளை அப்படித்தான் முடிப்பார்கள்.

முதல் வாளுக்கு அங்குலத்துக்கு 8 பல். தட்டை அரத்தால் பல்நுனிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, முக்கோண அரத்தால் ஒவ்வொன்றாக உருவாக்கி, ஒன்றுவிட்டு ஒன்று இருபுறமும் வளைத்துக் கடைசியாகக் கூராக்க வேண்டும். பச்சை மரம் என்றால் பல்லின் வளைவு கூட வேண்டும், காய்ந்த முதிரை மரத்துக்குக் கொஞ்சம் போதும். இரண்டு பின்னேரம் அதிலேயே போனது. நேற்று ஒரு முதிரைத் துண்டை அரிந்தேன், வாள் கீறிய கோட்டை விட்டு விலகவில்லை.